தம்பி வருசத்துக் கடப்பாரை

இரண்டாவது கடப்பாரையும் வளைந்தபோது செம்மல் குழிக்குள் எட்டிப் பார்த்தான். முழங்கால் ஆழம்தான் ஆகியிருந்தது. அதற்குக் கீழே பாறை. குழி வெட்டுகிற பழனிச்சாமி வளைந்த கம்பியைத் தூக்கிப் பார்த்து, இதைக் காதில் தோடாக மாட்டிக்கொள்ளலாம் என்றார். மணி பதினொன்று. நாலு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. பொக்லைன் ஒன்று வந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் நுழைய முடியாமல் திரும்பிப் போயிருந்தது.

விடியற்காலை அப்பா சவரியப்பன் இறந்ததிலிருந்து செம்மலுக்கு எதுவும் உறைக்கவில்லை. போனில் அழைத்தவர்களிடம் எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொன்னான். யாரோ அவன் காலை மிதித்ததற்கு அவனே மன்னிப்புக் கேட்டான்.

"ஒங்க தாத்தா கடப்பாரைதான் வேணும். இந்தப் பாறை வேற எதுக்கும் மசியாது," என்றார் பழனிச்சாமி. "இது யாரு வருசம்?"

"சித்தப்பா வருசம்."

பழனிச்சாமி வளைந்த கம்பியை ஓரமாகப் போட்டார்.

அந்தக் கடப்பாரையைப் பற்றி ஆவூரில் அளக்காத ஆள் இல்லை. ஆறடி நீளம், இரண்டாள் கனம். இங்கே அது கீழே விழுந்தால் குளத்தூர் தாலுகா ஆபீசில் பேனா உருளும். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது மாடு, மரம், அம்மி எல்லாம் பிரிந்தன. இரும்பை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரு வருசம் அண்ணனுக்கு, மறுவருசம் தம்பிக்கு என்று முடிவானது. அப்புறம் ஒரு பலாப்பழத்தில் பேச்சு அறுந்தது. அண்ணன் மரத்துப் பழம் தம்பி பக்கம் விழுந்தது. தம்பி வீட்டில் தின்றுவிட்டார்கள். அன்றைக்கு அது எட்டுக் கிலோப் பழம். இருபத்திரண்டு வருசம் பேசாமலே வளர்த்ததில், இப்போது அதை ஏற்ற லாரிதான் பிடிக்க வேண்டும். ஆனால் ஜனவரி முதல் தேதி ஒருமுறைகூடத் தவறியதில்லை. கடப்பாரை கழுவித் துடைத்தபடி அடுத்த வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். சாத்திவிட்டுப் போன ஆளை யாரும் பார்த்ததில்லை.

"என் சாவுக்கு அவன் வரக்கூடாது" என்று, படுக்கையில் விழுந்த அப்பா, அம்மா ஆரோக்கியம்மாளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். செம்மலிடமும் வாங்கினார். மறந்துவிடப்போகிறார்கள் என்று வாரம் ஒருமுறை அதைப் புதுப்பித்தும் வந்தார்.

சித்தப்பா மிக்கேல் தன் வாசலில் நின்றிருந்தார். சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, எங்கும் போகாமல். கடப்பாரை பக்கத்தில் இருந்தது. முனை புதிதாகத் தீட்டியிருந்தது.

செம்மல் கடப்பாரையைக் கேட்டான். சத்தியத்தையும் சொன்னான். வகுப்பில் பெயர் வாசிப்பது போல, இரண்டையும் ஒரே குரலில்.

சித்தப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவுக்கு நான் வரலப்பா. சத்தியம்னா சத்தியந்தான்." கடப்பாரையைத் தூக்கித் தோளில் வைத்தார். "ஆனா இது எங்க வருசம். எங்க வருசத்துல இது தனியா எங்கிட்டும் போவாது. கடப்பாரை வருது, நான் அதுகூட வாரேன்."

எழுபத்தோரு வயசு. கடப்பாரையை வேறு யாரையும் தொடவிடவில்லை. முதல் குத்துக்கே பொறி பறந்தது. கோயில் மணி தானாக அடித்தது என்று ஊர் இனி சொல்லும். மூன்று மணிக்குக் குழி நெஞ்சளவு இறங்கியது. சித்தப்பா அதற்குள் மல்லாந்து படுத்து நீளம் பார்த்தார்.

"எனக்குச் சரியா இருக்கு," என்றார் எழுந்து. "அண்ணனுக்கு ரெண்டு வெரக்கட கூட வேணும்."

இன்னும் இரண்டு விரற்கடை வெட்டினார்.

பெட்டி வந்தபோது அவர் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கடப்பாரையைப் பிடித்தபடி நின்றார். எல்லாரும் மண் போட்டார்கள். செம்மலும் போட்டான். கையில் மண் இருந்ததா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

உறவுக்காரர்களை அனுப்பிவிட்டு வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் அம்மா நின்றுவிட்டாள். அவர்கள் வீட்டுச் சுவரில் கடப்பாரை சாய்ந்திருந்தது. கழுவிய ஈரம் இன்னும் சொட்டியது.

"சனவரிக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்கே," என்றாள்.

"ஆமாம்மா."

பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அங்கிட்டே பார்த்தாள்.

"உள்ள எடுத்து வைப்பா. மழை பேஞ்சா துருப்புடிச்சிரும்."

செம்மல் இரண்டு கையாலும் தூக்கினான். ஏப்ரல் மாத வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.