குழாய்ப் பழுதினால் கலைந்த இசைக்குழு

1

ஒரே ஒரு வரியின் மேல் வந்த கோபத்தில்தான் இந்தக் கதை பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

ஒரு கிறிஸ்தவ சபைக்கு ஆண்டு விழா. விழாக் குழுச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "அம்மா, நீங்க கதையெல்லாம் எழுதறீங்களாமே. நம்ம சபையில ஒரு காலத்துல பேண்டு ஒண்ணு இருந்துச்சு. உங்க நாத்தனார்கூட அதுல வாசிச்சாங்க. அதோட வரலாறு ரெண்டு பக்கம் வேணும், விழா மலருக்கு. சூடா வேண்டாம், இதமா எழுதுங்க."

நான் சபைக்குப் போகிறவள் அல்ல. என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். கிறிஸ்தவ ஹார்ட்கோர் பங்க் குழு.* அவரைக் கேட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கு முந்தைய பிரதி திரும்பி வந்தது. இரண்டாம் பக்கம் முழுக்கக் காணோம். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி உட்கார்ந்திருந்தது:

"குழாய்ப் பழுதினால் இசைக்கருவிகள் நனைந்து, தேவ நடத்துதலால் இக்குழு கலைந்தது."

குழாய்ப் பழுதாம்! கடவுளே முன்னின்று நடத்திய தேவ நடத்துதலாம்! வாய் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். கீழே என் பெயர் வேறு.

(* தெரியாதவர்களுக்கு: இந்த வகைப் பாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பாடுவதே கிடையாது, தொண்டை கிழியக் கத்துவதுதான். கேட்க வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதிப்பார்கள். ஏன் இப்படி என்று அண்ணியைக் கேட்டேன். "ஊர்ல நடக்கிற அநியாயத்துக்குத் தாலாட்டா பாடுவாங்க?" என்றார்.)

2

எப்படித் தொடங்குவது? எழுதிப் பார்த்துக் கைவிட்டவை:

'கத்துகிறவன் மைக்கைப் பிடித்து அலறியபோது சபையின் கண்ணாடி ஜன்னல்கள்' (வேண்டாம். அந்தக் கூடத்தில் கண்ணாடி ஜன்னலே இல்லை, இரும்பு ஷட்டர்தான்.)

'அன்று சனிக்கிழமை. வானம்' (வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

'அண்ணி பள்ளி வேன் ஓட்டுகிறார்.'

இது நிற்கும். அண்ணி பள்ளி வேன் ஓட்டுகிறார். பின்னால் ஒரு கூட்டம் பிள்ளைகள் கூரை பிய்யக் கத்தினாலும் அவருக்கு உறைப்பதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் இரண்டு கட்டைவிரலும் ஸ்டியரிங்கில் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். பின்னால் ஹாரன் கேட்டால்தான் நிறுத்துவார்.

என் முதல் பிரதியை வேனில் உட்கார்ந்துதான் படித்தார். "ஏண்டி, நான் தாளத்துல மூழ்கிப்போனேன்னு எழுதியிருக்கியே, யாரு சொன்னா? மூழ்கினது டிரம்ஸு. அதை எழுது."

எழுதுகிறேன்.

3

குழுவில் நான்கு பேர். கத்துகிறவனுக்குத் தொண்டை என்று பெயர். பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போடுவான். கிட்டார் வாசித்தவன் கம்பி, போதகரின் ஒரே மகன். பேஸ் வாசித்தவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் "நல்ல மனுஷன்" என்பதற்கு மேல் எதுவும் பெயரவில்லை. (பேஸ் வாசிக்கிறவர்கள் தலையெழுத்தே அதுதான்.) டிரம்ஸ், அண்ணி. குழுவில் அவரை இடி என்பார்கள்.

அண்ணி சபைக்காரர் அல்ல. முதல் டிரம்மர் கை உடைந்து கிடந்தபோது ஒரு நாள் கூத்துக்கு வந்தவர். ஏதோ ஒரு கிடங்கில் நிகழ்ச்சி. இவர்கள் மேடை ஏறும் முன் ஜெபம் செய்வதைப் பார்த்து, "ஜெபக் கோஷ்டி வந்துடுச்சுடோய்!" என்று பங்க் பையன்கள் விசிலடித்தார்கள். சபையிலோ இவர்களுக்குப் பிசாசுக் கோஷ்டி என்று பெயர். எங்கேயும் ஒட்டாத பிழைப்பு.

வாசித்து முடித்ததும் தொண்டை, கம்மிப்போன குரலில் கேட்டான்: "யாருக்காச்சும் ஜெபம் வேணுமா? வெக்கப்படாம வாங்க." கிண்டலடித்த அதே பையன்கள், கிழிந்த ஜாக்கெட்டும் காது நிறைய ஊக்குமாக, வரிசையில் நின்றார்கள். வேர்வை காயாத அண்ணியும் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"நீங்க எதுக்கு அண்ணி நின்னீங்க?"

"தெரியல. அவ்வளவு சத்தத்துக்கு அப்புறம் ஒருத்தன் மெதுவா என் பேரைக் கேட்டான். அழுதுட்டேன்."

அதற்குப் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை.

இப்போது தொட்டி. சபைக்கூடத்து மேடைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் ஞானஸ்நானத் தொட்டி இருக்கும். நீல ஓடு பதித்தது, இரண்டு பக்கமும் படி. ஞானஸ்நானம் இல்லாதபோது காய்ந்து கிடக்கும். பயிற்சிச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது போதகரே வழி சொன்னார்: "அந்தத் தொட்டிக்குள்ள வச்சு அடிங்கப்பா. என் காதாவது தப்பிக்கும்." அன்றிலிருந்து அண்ணியின் டிரம்ஸ் தொட்டிக்குள்தான் குடியிருந்தது. ஞானஸ்நானம் வரும்போது நான்கு பேருமாகத் தூக்கி வெளியே வைப்பார்கள். பிறகு, மேடைச் சுவரில் இருக்கும் வால்வுச் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் விடுவது கம்பியின் வேலை.

வருஷம் திரும்புவதற்குள் அண்ணி தனக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். வகுப்புகள் முடிந்தன. வெள்ளை அங்கிகூடத் தைத்தாயிற்று. அதற்குள் இளைஞர் கூட்டத்தில் குழு வாசித்து, பையன்கள் குதித்ததில் ஒரு பெஞ்சு உடைந்தது. சபை மூப்பர்கள் தாம்தூம் என்று குதித்தார்கள். (அதில் எதுவும் உடையவில்லை.) போதகர் அண்ணியைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை தண்ணில இறங்கறதுக்கு முன்னாடி, அந்த டிரம்ஸ் பாவம்னு எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லிடும்மா. எல்லாரும் அடங்கிடுவாங்க."

"ஐயா, நான் ஆண்டவரைக் கண்டதே அதுலதான். அதைப் போய் எப்படிங்க பாவம்னு சொல்றது?"



4

சனிக்கிழமை. டிரம்ஸை வெளியே எடுக்க அண்ணி முதல் ஆளாக வந்தார். மேடைப் பலகைகள் ஏற்கெனவே திறந்திருந்தன. கூடத்தில் ஒரு ஆள் இல்லை. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். எட்டிப் பார்த்தார்.

பெரிய டிரம் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. சின்னவை சுவரில் முட்டி முட்டித் திரும்பின. சிம்பல் அடியில், நீல ஓட்டின் மேல் கிடந்தது. அண்ணி செருப்புக்கூடக் கழற்றாமல் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் படியில் போட்டார்.

(இந்த இடத்தில், 'அதுவே அவருடைய ஞானஸ்நானம்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த வரி. அண்ணி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். "அழகா இருக்குன்னு பொய் எழுதாத. தண்ணில முங்கி எந்திரிச்சா ஆயிடுச்சா? ஒருத்தர் என் பேரைச் சொல்லி, என் கையைப் பிடிச்சு இறக்கணும். அதுதான்டி எனக்கு வேணும். இன்னைக்கும் அதுதான் வேணும்.")

மறுநாள் அதே தண்ணீரில் மற்றவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அண்ணியின் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. அண்ணி அங்கியை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். தண்ணீர் இருந்தது, ஆள் இருந்தார், அங்கி இருந்தது. என்ன மனசு இவர்களுக்கெல்லாம்!

குழு அத்தோடு முடிந்தது. அங்கி அப்படியே அலமாரிக்குள் போனது.

5

எனக்குக் கம்பியின் மேல்தான் சந்தேகம். ஆளாக அல்ல, பாத்திரமாக. முதல் பிரதியில் அவனை அப்பாவுக்குப் பயந்த அப்பாவியாக எழுதியிருந்தேன். அப்பாவிகள் கதையில் நன்றாகவே உட்காருவார்கள், அதனால் நம்பவில்லை. இப்போது அந்தச் சபைக்குக் கம்பிதான் போதகர். ('போதகர் அவர்கள்' என்று மரியாதையாக எழுதலாம். மலரில் அந்த வரியை எடுக்கட்டும், எழுதுகிறேன்.)

அண்ணியும் நானும் சபை அலுவலகத்துக்குப் போனோம். செயலாளர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"வாங்க சிஸ்டர், நல்லா இருக்கீங்களா?" என்றான் கம்பி.

"கம்பி, குழாய் எப்படிப் பழுதாச்சு?" என்றார் அண்ணி. போதகரைக் கம்பி என்று கூப்பிட்டதில் செயலாளருக்கு இருமல் வந்து, தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

அவர் போனதும் கம்பியின் வாயிலிருந்து 'சிஸ்டர்' போய்விட்டது. "இடி, நான்தான் திறந்தேன். அப்பா திறன்னாரு, திறந்தேன். டிரம்ஸ் உள்ள இருக்கறது தெரியும். தூக்கி வெளிய வச்சிருக்கலாம். பேண்டை நிறுத்துன்னு அப்பா தினமும் பிடுங்கி எடுத்தாரு. உங்க மூணு பேர் மூஞ்சியைப் பாத்து நிறுத்தறேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. தண்ணியே முடிச்சு வைக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இதுக்குப் பேருதான் தேவ நடத்துதலா?"

"என் கை தெரியக் கூடாதுன்னு போட்ட வார்த்தைதான்."

"அப்ப எடுத்துடு."

"அப்பா இன்னும் உயிரோட இருக்காரு, இடி. விழாவுக்கு முன்வரிசையில உட்காரப் போறாரு. மலர் அப்படியே போகட்டும். ஞாயித்துக்கிழமை, எல்லார் முன்னாடியும் நானே உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன். உன் பேரைச் சொல்லி."

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை! அப்பா கேட்டது டிரம்ஸ் பாவம் என்ற சாட்சி. மகன் கேட்டது குழாய்ப் பழுது என்ற சாட்சி. தண்ணீருக்கு எப்போதும் ஒரு விலை வைத்திருக்கிறார்கள். நான் எழுந்து கத்தியிருப்பேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

வேனில் ஏறியதும் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "சரின்னு சொல்லிடலாம்னு இருக்குடி. அவ்வளவு ஆசையா இருக்கு. அதான் கொடுமை."

6

மூன்று முடிவுகள் என்னிடம் இருந்தன.

அ) செயலாளருக்குப் பிடித்தது: அண்ணி வெள்ளை அங்கியில் இறங்குகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள், மலர் வெளியாகிறது. (இதை எழுத என் கை வராது.)

ஆ) இலக்கிய நண்பருக்குப் பிடித்தது: அண்ணி விழாவுக்கே போகாமல் வேனை எங்கோ ஓட்டிக்கொண்டு போகிறார், சாலை நீள்கிறது. (அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அண்ணிக்கு வேண்டியது சாலை அல்ல.)

இ) நடந்தது.

விழா நாளான ஞாயிற்றுக்கிழமை அண்ணி எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். வேனின் பின்சீட்டு முழுக்க அந்தப் பழைய டிரம்ஸ். தண்ணீரில் ஊறி உப்பி, பெரிய டிரம் வாயைப் பிளந்திருந்தது. பலகைகளை நானும் சேர்ந்து தூக்கினேன். தொட்டி காய்ந்து கிடந்தது. அண்ணி ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, பழைய இடத்தில் வைத்து, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்.

கூடம் நிறைந்தது. ஒவ்வொருவர் கையிலும் மலர், அந்தக் குழாய்ப் பழுது வரியோடு. முன்வரிசையில் கம்பியின் அப்பா, பெரிய போதகர். செயலாளர் ஓடி வந்து, "சிஸ்டர், தண்ணி விடணும், இதையெல்லாம் எடுத்துடலாமே" என்று கெஞ்சினார்.

"எடுக்க மாட்டேன். நீங்க தள்ளி நில்லுங்க." அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "கம்பி! சக்கரம் அங்கதான் இருக்கு. வா, வந்து திற. அன்னைக்கு மாதிரியே திற. இன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும். திறந்துட்டு, இறங்கி வந்து, என் பேரைச் சொல்லு."

கம்பி எழுந்து போய் வால்வுச் சக்கரத்தின் மேல் கை வைத்தான். அண்ணி இரண்டு ஸ்டிக்கையும் தூக்கினார்.

7

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அங்கேதான் நின்றேன். எழுத மாட்டேன். நான் எந்த முடிவை எழுதினாலும், அடுத்த மலரில் அதைத் தூக்கிப் போட்டு, முன்னால் 'தேவ நடத்துதலால்' என்று சேர்த்துக்கொள்வார்கள். இவர்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் கம்பியை அங்கேயே நிறுத்துகிறேன். அப்பா பார்க்கிறார், சபை பார்க்கிறது, தொட்டிக்குள் அண்ணி பார்க்கிறார். அவன் கை தனியாக எதையும் செய்யாது, அது அவன் வழக்கமே இல்லை. உங்கள் கையை அதன் மேல் வையுங்கள். திறப்பதோ விடுவதோ உங்கள் பாடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: யார் திறந்தது என்று பிறகு கேட்டால், குழாய்ப் பழுது என்று சொல்லாதீர்கள்.