கறுப்புக் குழாய்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஒருவனைத் திட்டவும் பொறுமையில்லை, புகழவும் பொறுமையில்லை. இரண்டையும் போனில் கட்டைவிரலாலேயே முடித்துவிடுகிறார்கள். பம்பரத்தைத் திட்டிய காலத்தில் முகத்துக்கு நேராக வந்து, வாய் வலிக்கத் திட்டினார்கள். அதில் ஒரு மரியாதை இருந்தது.

நான் கிரிக்கெட் மைதானத்தில் பிட்ச் தயார் பண்ணுகிறவன். நாற்பது வருஷமாக அதே ரோலர், அதே மண். பம்பரம் எங்கள் அணிக்குச் சுழல் பந்து போடுவான்; அந்தப் பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். பந்து அவன் விரலை விட்டுப் புறப்பட்டால், மட்டையோடு நிற்கிறவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வாய்தான் கோளாறு. அம்பயரைப் பார்த்து, "கண்ணாடிக் கடைக்கு நானே கூட்டிட்டுப் போறேன், வாங்க சார்" என்பான். தேர்வுக்குழுத் தலைவர் வந்தால் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருப்பான்.

அதனால்தான் அந்த இறுதி ஆட்டத்தில் பிட்ச் ஈரமாக இருந்து, அவன் எட்டு விக்கெட் எடுத்ததும், திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியவன் அவன்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். விசாரணையில் அவனும், "ஆமா, நான்தான்" என்றான். இரண்டு வருஷம் ஆடக்கூடாது என்றார்கள். திரும்பி வந்தபோது விரல் பழையபடி பேச்சைக் கேட்கவில்லை.

உண்மையில் ஊற்றியவன் ஒருவனும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் புல்லுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, குழாயை மூட மறந்தவன் நான். காலையில் பிட்சைச் சாக்குப் போட்டு ஒற்றினேன். என் வாயையும் அதே சாக்கால் அடைத்துக்கொண்டேன். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

போன வாரம், புது கேலரிக்கு அவன் பெயரை வைக்கலாமா என்று பேச அவனையும், பழைய ஆள் என்று என்னையும் வரவழைத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் இழுத்தார்.

"திறமை இல்லேன்னு சொல்லல. ஆனா பிட்ச்ல தண்ணி ஊத்துன ஆளு பேரை எப்படிங்க வைக்கிறது?"

முப்பது வருஷத்து முள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"அவன் ஊத்தல சார். நான்தான் குழாயை மூட மறந்துட்டேன்."

செயலாளர் திறந்த வாயை மூட மறந்தார். பம்பரம் சிரித்தான்.

"அண்ணே, அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். தண்ணி ஓடுனதைப் பார்த்தேன். மூடியிருக்கலாம். நமக்கு நல்லதுதானேன்னு பேசாம போயிட்டேன். அப்ப தப்பு யாரோடது?"

"டேய், பேரு வைக்கிற நேரத்துலயாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடா!" என்றேன்.

"என்னிக்கு இருந்தேன், இன்னிக்கு இருக்க?"

யார் சொன்னாலும் நான் சுரண்டிப் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. "பார்த்தியா? சரி, தண்ணி ஓடுன ரப்பர் குழாய் என்ன கலரு?"

"பச்சை" என்றான், கண்ணிமைக்காமல்.

பச்சைக் குழாய் அதற்கப்புறம் வாங்கியது. அன்றைக்குக் கிடந்தது கறுப்பு.

"தப்புக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறதை இப்பதான் பார்க்கிறேன். போர்டு எழுத பெயிண்டரை வரச் சொல்றேன், விடுங்க" என்றார் செயலாளர்.

பம்பரம் என் தோளில் கை போட்டான். தட்டிவிட்டேன். வருஷக்கணக்கில் கறுப்பு அவன் ஞாபகத்தில் பச்சையாகியிருக்கலாம். இல்லை, என்னைக் காப்பாற்ற இரண்டாம் தடவையும் பொய் சொல்கிறானோ என்னவோ. அவன் கையை விட்டு வருவது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரிந்தது?

"பச்சைதானா?"

"பச்சைதாண்ணே."

"போடா" என்று சொல்லிவிட்டு, ரோலர் கொட்டகையைப் பார்க்க நடந்தேன்.