கன்ட்ரோல் ஈ

ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் கணினி அறையில் அவள் எஃப் ஃபைவ் விசையை அழுத்தினாள். எழுதிய ஆணை ஓடவில்லை. வரியின் கடைசியில் ஒரு நெளிகோடு வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி அழுத்தினாள். இன்னொரு நெளிகோடு. வலக்கை முறிந்து கட்டுப் போட்டபின் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். வலப்பக்கம் இருக்கும் என்டருக்கு எட்டிப் போகாமல் இடக்கையாலேயே எல்லாம் முடியும்படி, வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து விசைகளை மாற்றிப் பழகியிருந்தாள். வீட்டில் என்டராக வேலை செய்த எஃப் ஃபைவ், இங்கே ஆணைகளை எழுதும் பழைய டெர்மினலில் வேறெதையோ அனுப்பியது. அது என்னவென்று நிதானமாகத் தேடிப் பார்க்கலாம்தான். ஆனால் மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். முடியவில்லையென்றால் இன்னும் ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள்ளேன் என்று அவர் கனிவாகச் சொன்னதிலிருந்து நெருப்பின் மேல் நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, எந்த டெர்மினலிலும் சொதப்பாத கன்ட்ரோல் ஈ-யை என்டராக மாற்றினாள். கச்சிதமாக ஓடியது. அந்த லாகின் அவளுக்கும், அண்ணன் என்று அவள் கூப்பிடும் சக ஊழியருக்கும் பொது; விசை அவருக்கும் சேர்த்தே மாறியிருக்கும். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, டீ குடிக்கப் போய்விட்டாள்.

திரும்பியபோது அண்ணன் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். பழைய கோப்புகளை அழிக்க வரி எழுதத் தொடங்கி, முன்னால் போய் ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு, வரிக் கடைசிக்குப் போக வழக்கம்போல கன்ட்ரோல் ஈ-யை அழுத்தியிருக்கிறார். எந்த மாதத்தை அழிப்பது என்று எழுதுமுன்பே பாதி வரி ஓடி, எல்லா மாதங்களும் போயின. காலையில் எடுத்த நகலிலிருந்து மீட்டாயிற்று. அதற்குப் பிறகு ரத்தம் கொடுத்த பதினாறு பேரின் முடிவுகள் மட்டும் இல்லை.

"கை என்னத்தையோ அழுத்திடுச்சும்மா. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். பதினாறு பேரையும் மறுபடி ரத்தம் கொடுக்கக் கூப்பிடுறாங்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். விசையை மாற்றத் தான் சேர்த்த அந்த ஒரு வரியை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோப்பைத் திறந்தும்விட்டாள். பக்கத்தில் அவர் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கை இல்லண்ணா. அந்தக் கீயை நான்தான் மாத்தினேன்."

அவர் திரையைப் படித்தார். கட்டுப் போட்ட அவள் கையைப் பார்த்தார். "அவர்கிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நானே சொல்றேன்."

மேலாளர் அறைக்குக் காத்திருப்புக் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். திரும்ப அழைக்கப்பட்டவர்களில் முதல் ஆள் அதற்குள் வந்திருந்தார். காலையில் ஒட்டிய பஞ்சு ஒரு கையில் அப்படியே இருக்க, மற்ற கையின் சட்டையை மெதுவாக மேலே சுருட்டிக்கொண்டிருந்தார்.