அக்கா மறுத்த பால்

பெயின்டரின் மனைவிக்குப் புற்றுநோய் எலும்புவரை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளுக்கு வலி மசியவில்லை. படுக்கையில் புரட்டிவிடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும்.

கூட வேலை செய்த கொத்தனார்தான் கஞ்சாவைப் பற்றிச் சொன்னார். பெயின்டர் நிறைய யோசித்தார். பிறகு பாலில் காய்ச்சி, சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு, புது மருந்து என்று சொல்லிக் கொடுத்தார். அன்று அவள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

"சுவத்துக்கு அடிக்கிறவருக்கு வைத்தியமும் வருதே!" என்று கேலி செய்தாள். அவள் சிரித்தே பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவளுக்கு இரண்டு தம்பிகள். தாயில்லாத இருவரையும் வளர்த்தவள் அவள்தான். பெரியவன் போலீஸ்காரன். சின்னவன் மீசை முளைக்கும் முன்பே கஞ்சா பிடிக்க ஆரம்பித்தான். சுவருக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லத் தொடங்கி, இப்போது மனநல மருத்துவமனையில் இருக்கிறான்.

ஒரு மாலை அக்காவைப் பார்க்க வந்த போலீஸ்காரன் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன மாமா காய்ச்சுறீங்க?"

பெயின்டர் பாத்திரத்தைத் தட்டால் மூடினார்.

"சின்னவன் சட்டையில எத்தனை நாள் மோந்திருக்கேன், எனக்கா தெரியாது? உங்களை உள்ள வைக்கணும் மாமா."

"வை. அதுக்கு முன்னாடி அவ கத்துறத ஒரு நாள் உக்காந்து கேளு. டாக்டரே எழுதிக் குடுத்தா நான் ஏன்டா திருட்டுத்தனமா வாங்கப்போறேன்?"

அடுத்த அறையில் படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. பால் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் தம்பிய முழுங்கினத எனக்கே ஊத்துனீங்களா?"

"உனக்கு வலிக்குதேன்னுதான்..."

"வலிக்கட்டும்."

அதற்குமேல் கல்லில் நார் உரிக்கிற கதைதான். அவர் கெஞ்சினார், கோபப்பட்டார், அழுதும் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. வலி வரும்போது மட்டும் திறந்தாள். தெருவுக்கே கேட்டது.

போலீஸ்காரன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஒரு பகல் முழுக்கக் கேட்டான். எழுந்து வெளியே போனவன் திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. எங்கே கிடைத்தது என்று பெயின்டர் கேட்கவில்லை. போலீஸ்காரன் தானே காய்ச்சி எடுத்துவந்து அக்காவின் கட்டிலோரம் மண்டியிட்டான்.

"நானே சொல்றேன்க்கா. குடிச்சிடு."

அவள் அவன் கன்னத்தைத் தடவினாள். "உன் வேலை போயிடும்டா. கொண்டுபோய்க் கொட்டு."

ஏடு படிந்து ஆறிய பாலை அவன்தான் கொட்டினான். அவள் கடைசிவரை கத்திக்கொண்டேதான் போனாள்.

மறு வருடம் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். போலீஸ்காரனுக்கு வாக்குச்சாவடியில் காவல். வேலை முடிந்து நேரே பெயின்டர் வீட்டுக்கு வந்தான்.

"போட்டீங்களா மாமா?"

"வாசல்வரைக்கும் போனேன். வேணும்னு போடலாம்னா சின்னவன் வந்து நிக்கிறான். வேணாம்னு போடலாம்னா அவ கத்துறா. திரும்பிட்டேன். நீ?"

"போட்டேன். எதுலன்னு கேக்காதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சின்னவனைப் பார்க்கப் போனார்கள். அக்கா போய்விட்டதை அவனுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா எங்க?"

"உடம்பு சரியில்லடா," என்றான் போலீஸ்காரன்.

"வலிக்குதா?" சின்னவன் பெயின்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல மருந்தா வாங்கிக் குடுங்க மாமா."

"சரிப்பா," என்றார் பெயின்டர்.