நாற்காலியை விட்டு எழக் கூடாது

வீட்டில் இருந்தபடியே தேர்வு எழுதலாம் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். மேசையில் துண்டுக் காகிதம் இருக்கக் கூடாது. கைபேசி அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. வாய் திறக்கக் கூடாது, நாற்காலியை விட்டு எழக் கூடாது, வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. மீறினால் தேர்வு ரத்து. எங்கோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அமெரிக்காவில் யங்ஸ்டவுன் நகர மருத்துவமனை ஒன்றில் ரெனாட்டா வாய்டெக்குக்குக் கணினி உதவிப் பிரிவில் வேலை. பாஸ்வேர்டை மறந்த டாக்டர்களிடம் ஏச்சு வாங்கும் வேலை. அதிலிருந்து ஏற மூன்று சான்றிதழ்களைத் திட்டமிட்டு, தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். நெட்வொர்க் முடிந்தது. இன்று செக்யூரிட்டி. ஃபயர்வால் அடுத்த வருடம். செக்யூரிட்டி தேறினால் பிட்ஸ்பர்க்கில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பிட்ஸ்பர்க் என்றால் கணவன் டாரெல் இல்லாத ஊர். அவளுக்கு வேண்டியது அதுதான்.

"மூணு பேப்பர் வாங்கி என்னத்தக் கிழிக்கப் போற?" என்பான் டாரெல், பீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம். பிட்ஸ்பர்க் விஷயம் அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் கையை முறிப்பான். விரலை ஏற்கெனவே முறித்தவன்தான்.

அன்று மதியம் டயர் கடையிலிருந்து அவன் வரமாட்டான் என்று நம்பித்தான் உட்கார்ந்தாள். பழகுவதற்காக வாங்கிய பழைய ஸ்விட்ச் பெட்டிகள், கணினிகளை இணைக்கும் கனமான இரும்புப் பெட்டிகள், மேசையில் கிடந்தன. அவற்றை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் அடுக்கினாள். கைபேசியைச் சமையலறையில் வைத்தாள். அறைக் கதவைத் தாழிட்டு, அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸைக் கேமராவில் காட்டித் தேர்வைத் தொடங்கினாள்.

கடைசிக் கேள்விகளில் இருந்தபோது வாசல் கதவு திறந்தது. டாரெல் வந்துவிட்டான். சமையலறையில் கைபேசி அடித்தது.

"ஆமா, அவ புருஷன்தான் பேசறேன்," என்று அவன் குரல் கேட்டது. "வேலைக்கா? எங்க, பிட்ஸ்பர்க்கா? திங்கக்கிழமையா?"

ஒரு தட்டு சுவரில் உடைந்தது. அப்புறம் அறைக் கதவில் உதை விழுந்தது.

"திறடி. ஊர விட்டு ஓடப் பாக்கறியா?"

திரையின் ஓரத்தில் கண்காணிப்பாளரின் எழுத்து வந்தது: வெளியில் சத்தம் கேட்கிறது மேடம், யாரும் உள்ளே வரக் கூடாது. ரெனாட்டா தலையாட்டினாள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. தரைத்தளம்தான், குதித்தால் புல்வெளி. அவள் எழவில்லை. வைரஸ் புகுந்த கணினியை முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சரியாகவே அழுத்தினாள். தாழ்ப்பாள் பிளந்தது. கடைசிக் கேள்வியையும் முடித்தாள். மதிப்பெண் வரும் என்று பார்த்தால், அதற்கு முன்னால் கருத்துக் கணிப்பாம். எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்கிறான் பாவி.

கதவு பெயர்ந்து விழுந்தது. டாரெல் அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மறுபடி மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"மேடம், உங்க ரூம்ல வேற ஆள் இருக்காரு," என்றது கணினியிலிருந்து கண்காணிப்பாளரின் குரல். சொல்லிப் பழகிய வாக்கியம். அடுத்த வாக்கியத்தில் குரல் நடுங்கியது. "சார், அவங்கள விடுங்க. லைசென்ஸ்ல இருக்கற அட்ரஸ் என்கிட்ட இருக்கு. போலீஸக் கூப்பிடறேன்."

"யாருடா நீ?" டாரெல் அவளை விட்டுவிட்டுத் திரையில் குத்தினான்.

அது போதும். ரெனாட்டா ஸ்விட்ச் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. விழுந்தவனின் தோளில் இன்னொரு முறை இறக்கினாள். அவனது அலறல் காதுக்கு இதமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கண்காணிப்பாளர் கூப்பிட்ட போலீஸ் வந்து, டாரெலை ஸ்ட்ரெச்சரில் விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள்.

"ஜன்னல் திறந்துதான இருக்கு," என்றார் போலீஸ்காரர். "குதிச்சு ஓடியிருக்கலாமேம்மா."

"சீட்ட விட்டு எழுந்தா கேன்சல் பண்ணிடுவாங்க சார்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு ரெனாட்டாவுக்கே பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமும் இந்த வீட்டில் இப்படித்தானே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. அறையில் வேறொரு நபர் காணப்பட்டதால் தேர்வு ரத்து. பிட்ஸ்பர்க் கம்பெனி ஒரு வாரம் பொறுப்பதாகச் சொன்னது. அவள் ஃப்ரிட்ஜ் தாளை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பிட்ஸ்பர்க் தேர்வு மையத்தில் வரவேற்புப் பெண் லைசென்ஸ் படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்கதானா?"

"இடது பக்கம் நான்தாங்க. வலது பக்கம் வீக்கம் வத்தினதும் வந்துடும்."

அந்தப் பெண் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள். "நடுவுல எழுந்துக்கணும்னா கையத் தூக்குங்க. நான் வெளியிலதான் இருப்பேன்."

ரெனாட்டா கதவுக்குப் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். எழுதி முடித்ததும் அதே கருத்துக் கணிப்பு வந்தது. வீட்டிலிருந்து தேர்வு எழுதுவதை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் தேர்ச்சி என்று காட்டியது. அவள் யாரிடமும் கேட்காமல் எழுந்து நின்றாள்.