உப்புப் பார்க்கும் வேலை

சுலைகாவின் மாமனாருக்குச் சர்க்கரை நோய், நோன்பு வைக்கமாட்டார். அதனால் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் அகப்பையை மூடிமேல் கவிழ்த்துவைப்பார்.

அவர் மௌத்தான பிறகு வந்த முதல் ரமலான் இது. எல்லாருக்கும் நோன்பு, ருசி பார்க்க ஆளில்லை.

"அவங்கவங்க உப்புப் போட்டுக் குடிங்க, என்னால ஏலாது" என்று எரிச்சலோடு, புருஷன் துபாயிலிருந்து அனுப்பிய ஸ்லோ குக்கரில் உப்பே இல்லாமல் அரிசியையும் கறியையும் போட்டாள் சுலைகா. பகலெல்லாம் அது தானாக வெந்தது.

மாலையில் அடுப்படிக்குள் போனவள் நின்றுவிட்டாள். காலையில் ஆணியில் தொங்கிய அகப்பை, குக்கர் மூடிமேல் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து கஞ்சி சொட்டியது. வீட்டில் வேறு யாருமில்லை. நாமே மறந்து வைத்திருப்போம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும், டியூஷனிலிருந்து அப்போதுதான் வந்த மகள் மின்ஹா ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு சரியா இருக்கே உம்மா. யாரு பாத்தா?"