இன்னமும் இங்கேதான்

"சட்டையக் கழட்டிருங்கப்பா" என்று நான் சொன்னபோது அப்பா முதலில் விளங்காதவர்போலப் பார்த்தார். அசாம் ஜாவா ஊருக்கு உள்ளே, எப்போதோ கைமாறிவிட்ட எங்கள் பழைய தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் முன் அவர் நின்றுகொண்டிருந்தார். கூரைத் தகரம் பாதி போயிருந்தது. நாங்கள் சமைத்த இடத்தில் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அந்த வீட்டைவிட்டு நாங்கள் வந்து எட்டு வருடமாகிறது.

"ஏன்மா, சட்ட நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு, அதான்ப்பா. படத்துக்கு வேணாம்."

அப்பா கோலா சிலாங்கூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் பக்கத்துக் கடைக்கு ரொட்டி வாங்கக்கூடப் போகமாட்டார். மகள் முன்னால் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடமே நீட்டினார். அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "கேமராவப் பாக்காதீங்க, கீழ பாருங்க" என்றேன்.

பல்கலைக்கழக விடுமுறையில் நான் சேர்ந்திருந்த எட்டு வாரத் திரைப்படப் பயிற்சி அது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரி நடத்தியது. வருடம் முழுக்க வெயிலடிக்கும் நாட்டில் அதற்கு 'சம்மர் சர்ட்டிபிகேட்' என்று பெயர். முடிவில் ஆளுக்கு ஓர் ஆவணப்படம், ஐந்து நிமிடம். காலை ஐந்தரைக்கெல்லாம் வேனைக் கழுவி, தூங்கி வழியும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி எழுப்பி உட்காரவைக்கும் அப்பாவைத்தான் எடுக்கப்போவதாக முதலில் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் லிங்கேஸ்வரன் படித்துவிட்டு, "அப்பா வேன் ஓட்டறாரு, சரி. அப்புறம்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வகுப்பில் மற்றவர்கள் அகதிகளையும் சிறையிலிருந்து திரும்பியவர்களையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாழ்க்கை படமெடுக்கும் அளவுக்கு மோசமாக இல்லையே என்று அன்றைக்கு வருத்தப்பட்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. ஆனால் வருத்தப்பட்டது உண்மை.

அதனால்தான் லயம். என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள் தலையை விட்டு, பின்னணிக் குரலை நானே பதிவுசெய்தேன். "என் அப்பா இன்னமும் இங்கேதான் வாழ்கிறார்." மூன்றாவது தடவை சொன்னபோது குரல் லேசாக உடைந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

திரையிடலுக்கு அப்பாவும் வந்தார். நான் வரவேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "எம் மவ படம், நான் பாக்காம யாரு பாக்கறது?" என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். இருட்டில், திரை நிறைய அவருடைய வெற்று மார்பும் குனிந்த தலையும் வந்தன. என் குரல் அந்த வரியைச் சொன்னது. நான் அவர் பக்கம் திரும்பவேயில்லை. கைத்தட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை.

லிங்கேஸ்வரன் சார் எங்கள் இருவரையும் மேடைக்கு அழைத்து, "இவர்தான் திரு. ரெங்கசாமி" என்றார். கூட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுந்தார். இந்திரகுமாரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏதோ நலச் சங்கத்தில் இருப்பவர். கண்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, தண்ணி இல்லாம, கரண்டு இல்லாம எப்படிங்கையா அங்க இருக்கீங்க?"

மைக் அப்பா கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்கலாம். அதற்குப் போதிய நேரம் இருந்தது. வேண்டுமென்றே கொடுத்ததுபோல அவ்வளவு நேரம் கொடுத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பழகிருச்சும்மா" என்றார் அப்பா.

திரும்பும்போது அப்பாதான் வேனை ஓட்டினார். ஈஜோக் ஊரைத் தாண்டியதும், சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நம்ம வீட்டுக்கு என்னாம்மா கொற? ஒங்கம்மா கடை கடையா ஏறி எறங்கி டைல்ஸ் பாத்துப் போட்ட வீடு."

அம்மா அந்தத் தரையில் இரண்டே வருடம்தான் நடந்தாள்.

"ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க? இல்லன்னு சொல்லிருக்கலாம்ல?"

"அத்தன பேரு முன்னுக்கு எம் பிள்ள பொய் சொல்லிருச்சுன்னு நானே சொல்லணுமா?"



புதன்கிழமை இந்திரகுமாரி, கல்லூரியில் என் எண்ணை வாங்கி, போனில் அழைத்தார். சங்கத்தில் பேசிவிட்டாராம், சனிக்கிழமை சாமான்களோடு வருவாராம், இடத்தை மட்டும் சொன்னால் போதுமாம். முதலில் எனக்குள் ஓடியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாய், ஒரு அடுப்பு, இரண்டு சட்டிகள். காலையிலேயே கொண்டுபோய் லயத்தில் வைத்துவிட்டு அப்பாவை வாசலில் நிற்கவைத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கேட்டால் அப்பா வருவார். வந்து நிற்பார். அவர் நிற்பார் என்பது அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததும் அந்த எண்ணத்தை விட்டேன்.

நாங்கள் குடியிருக்கும் தாமான் பெயரையும் வீட்டு எண்ணையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "வரட்டும் லா" என்றார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வெள்ளைக் கார் ஒன்று கேட்டுக்கு வெளியே நின்றது. இந்திரகுமாரி இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார். வீட்டு எண்ணைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். நான் போய் கேட்டைத் திறந்தேன்.

"இது யாரு வீடும்மா?"

"எங்க வீடுதான் ஆண்ட்டி. எட்டு வருஷமா இங்கதான் இருக்கோம்." கேட்டைப் பிடித்தபடியே சொன்னேன். "படத்துல சொன்னது பொய். அப்பாவ நாந்தான் அங்க கூட்டிட்டுப் போயி நிக்க வச்சேன். அன்னிக்கு அவர் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரு."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏமாந்த ஒருவர், தன்னை யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதற்குக் கோபமே தேவலை.

"வாங்கம்மா, வெயில்ல நிக்கிறீங்களே" என்றது பின்னாலிருந்து அப்பாவின் குரல். "மொதல்ல உள்ள வந்து ஒக்காருங்க. தேத்தண்ணி கலக்கறேன்."

இந்திரகுமாரி உள்ளே வரவும் இல்லை, காருக்குத் திரும்பவும் இல்லை. சமையலறையில் அப்பா தேக்கரண்டியால் கலக்கும் சத்தம் கேட்டது. காரின் பின்கதவு திறந்தபடியே இருந்தது. உள்ளே எண்ணெய், பால் டின்கள், பத்துக் கிலோ அரிசி மூட்டை. மூட்டையின்மேல் ஒட்டியிருந்த தாளில், வகுப்புப் பலகையில் எழுதுவதைப்போன்ற அழகான உருண்டைக் கையெழுத்தில், 'திரு. ரெங்கசாமி' என்றிருந்தது. தாளின் ஒரு மூலை பெயர்ந்து, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.